டார்மெண்டில்: நான்கு இதழ் மஞ்சள் பூவைத் தேடிப் போகிறவர்களுக்கு

நெருஞ்சிப் பூவைத் தெரியாத தமிழர் குறைவு. தரையோடு தரையாகப் படர்ந்து, வெயில் ஏற ஏற மஞ்சளாக விரிந்து கிடக்கும். அதன் ஐந்து இதழ்களில் ஒன்றைக் குறைத்து, முள்ளை எடுத்துவிட்டு, குளிரும் ஈரமும் உள்ள ஓர் இங்கிலாந்து மேட்டில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய டார்மெண்டில் பூ கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டும் உறவு இல்லை. டார்மெண்டில் ரோஜாக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் பொட்டென்டில்லா எரெக்டா. ஆனால் தேடப் போகும் கண்ணுக்கு முதலில் ஓர் அளவு வேண்டும், அதற்கு நெருஞ்சி போதும்.

பிரிட்டனுக்குப் புதிதாக வந்து, வார இறுதியில் எங்காவது நடக்கப் போகிற வழக்கம் உள்ளவர்களையும், காட்டுப்பூக்களின் பெயர் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் இந்தப் பூவைத்தான் சொல்வேன். அரிய செடி அல்ல. பிரிட்டன், அயர்லாந்து முழுக்க இருக்கிறது. பூக்கும் காலமும் நீளம். இதைச் சரியாக அடையாளம் காணக் கற்றுக்கொண்டால், பூவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் விட்டுப்போகும். செடியைப் பார்க்கும் பழக்கம் வரும்.

முதலில் மண்ணைத் தேடுங்கள்

பூவைத் தேடுவதற்கு முன் அது விரும்பும் மண்ணைத் தேட வேண்டும். டார்மெண்டிலுக்குப் பிடித்தது அமிலத் தன்மையுள்ள, ஊட்டம் குறைந்த மண். ஆங்கிலத்தில் 'ஹீத்' என்று சொல்லும் திறந்த புதர்நிலம்தான் அதன் சொந்த வீடு. மணல் கலந்த மண், அங்கங்கே ஒரு பைன் அல்லது பிர்ச் மரம், இடுப்பளவுக்கு மேல் போகாத ஹெதர் புதர்கள், மஞ்சளாகப் பூக்கும் முள்புதரான கோர்ஸ் - இவை கண்ணில் பட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். கோர்ஸைச் சிலர் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும்: நீலகிரியிலும் இலங்கையின் ஹோர்டன் சமவெளியிலும் ஐரோப்பியர் கொண்டுவந்து சேர்த்து, இன்று அங்கே அகற்றப் போராடிக்கொண்டிருக்கும் அதே புதர்தான். இங்கே அது மண்ணின் மைந்தன்.

ஹீத் நிலம் தானாக உண்டானதல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் மரத்தை வெட்டி, ஆடுமாடு மேய்த்து உருவாக்கிய நிலம் அது. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் மரங்கள் மூடிக்கொள்ளும். காடும் மேய்ச்சலும் சேர்ந்த முல்லைத் திணையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிலத்தின் இயல்பு சட்டென்று பிடிபடும்.

ஹீத் மட்டும்தான் என்று இல்லை. நிழல் அடர்த்தியாக இல்லாத ஓக், பிர்ச் காடுகளின் ஓரம், மலைப்பகுதிப் புல்வெளி, சேற்று நிலத்தின் விளிம்பு ஆகியவற்றிலும் இது வளரும். சுண்ணாம்பு மண் நிறைந்த வெண்மேடுகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உரம் போட்ட பச்சைப் பசேலென்ற புல்வெளியிலும் இருக்காது. உயரமான புல் இதை அமுக்கிவிடும்.

லண்டனில் இருப்பவர்கள் ரிச்மண்ட் பூங்காவிலேயே தொடங்கலாம். அங்குள்ள அமிலப் புல்வெளியில், எறும்புப் புற்றுகளுக்கு நடுவே இது பூக்கிறது. மான்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளி நடக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. முழு நாள் ஒதுக்க முடிந்தால் ஹாம்ப்ஷயரில் உள்ள நியூ ஃபாரஸ்ட்டுக்குப் போங்கள். 1079-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தன் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம். 2005 முதல் தேசியப் பூங்கா. லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து அங்குள்ள பிராக்கன்ஹர்ஸ்ட் நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பியூலி ரோடு என்றொரு சிறிய நிலையம் ஹீத் நிலத்தின் நடுவிலேயே இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இறங்கிச் சில நிமிட நடையில் மட்டக்குதிரைகள் மேயும் வெளி வந்துவிடும். வடக்கே இருப்பவர்களுக்குப் பீக் மாவட்டம், நார்த் யார்க் மூர்ஸ். மேற்கே டார்ட்மூர், எக்ஸ்மூர். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் எந்த மலைப்பாதையில் ஏறினாலும் காலடியில் கண்டுவிடலாம்.

எப்போது, எதை எடுத்துக்கொண்டு

மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை பூ இருக்கும். ஜூன், ஜூலைதான் உச்சம். வெயில் உள்ள நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் போங்கள். தேனீக்களும் அப்போதுதான் வெளியே வரும்.

பத்து மடங்கு பெருக்கும் சிறிய கைலென்ஸ் ஒன்று, ஒரு பென்னி நாணயம், கைபேசி. இவ்வளவுதான் கருவி. பூ கணுக்கால் உயரத்தில் இருப்பதால் முழங்கால் போட்டுத்தான் பார்க்க வேண்டும்; கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தால் ஈரம் ஏறாது.

முழுக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போட்டு, கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். மான் திரியும் இடமெல்லாம் உண்ணி இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் என்று தேடிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுத்து எடுங்கள். தீயால் சுடுவது, எண்ணெய் தடவுவது கூடாது. பின்னர் வட்டமாகச் சிவப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். ஹீத் நிலத்தில் அடர் என்ற விரியன் பாம்பும் வெயில் காயும். நடக்கும் அதிர்வு கேட்டாலே விலகிவிடும். ஹெதர் புதருக்குள் பார்க்காமல் கையை விடாமல் இருந்தால் போதும்.

குனிந்து பார்க்கும்போது

புல்லுக்கு இடையே மஞ்சள் புள்ளிகள் தெரிந்ததும் முதலில் நாணயத்தைப் பூவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பென்னி நாணயத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். டார்மெண்டில் பூ அதில் பாதி, 7 முதல் 11 மில்லிமீட்டர்தான். பூ நாணயத்தை மறைக்கும் அளவுக்கு இருந்தால் அது வேறு செடி.

அடுத்து இதழ்களை எண்ணுங்கள். நான்கு. ஒவ்வொன்றின் நுனியிலும் லேசான பிளவு இருக்கும். இதழ்கள் ஒன்றையொன்று முழுக்கத் தொடாது. இடைவெளியில் புல்லியிதழின் பச்சை நுனி எட்டிப் பார்க்கும். மஞ்சள், பச்சை, மஞ்சள், பச்சை என்று சுற்றிவரும் அந்த அமைப்பை லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் கோடையில் அப்படித்தான் நிறுத்தினேன். சாலையோரத்தில் ஓர் இதழ் உதிர்ந்து நான்காக நின்ற வேறொரு பூவை டார்மெண்டில் என்று எழுதி வைத்துக்கொண்டேன். இதழ் உதிரும். அரிதாக டார்மெண்டிலிலேயே ஐந்து இதழுள்ள பூவும் வரும். தாவரவியலிலும் இந்த எண்ணிக்கை ஒரு கதையை நடத்தியிருக்கிறது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இச்செடிக்குப் பெயர் வைத்தபோது, நான்கு இதழ் என்பதற்காகவே இதை ஐந்து இதழ் உறவினர்களிடமிருந்து பிரித்து, டார்மெண்டில்லா என்ற தனிப் பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் மற்ற எல்லாம் ஒத்துப்போவதைக் கண்டு பொட்டென்டில்லாவில் சேர்த்துவிட்டார்கள். ஆக, எண்ணிக்கை ஒரு சாட்சி மட்டுமே. அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

இன்னொரு சாட்சி இலையில் இருக்கிறது. அதை நிதானமாகப் பாருங்கள், இந்தக் கட்டுரையின் சாரமே அதுதான்.

பூக்காம்பிலிருந்து கீழே இறங்கி, தண்டில் இலை முளைக்கும் இடத்துக்கு வாருங்கள். விரல்நுனியால் தண்டைத் தொட்டுப் பிடியுங்கள், பறிக்க வேண்டாம். ஐந்து சிற்றிலைகள் தண்டைச் சுற்றிச் சிறிய பாவாடை போல விரிந்திருப்பதாகத் தோன்றும். லென்ஸை வைத்தால் உண்மை தெரியும். அவற்றில் மூன்றுதான் சிற்றிலைகள்: நீளமானவை, நுனியை நோக்கிப் பல்பல்லாக வெட்டுப்பட்டவை, அடியில் மெல்லிய பட்டு மயிர் உள்ளவை. மீதி இரண்டும் இலையடிச் செதில்கள். ரோஜாச் செடியில் இலைக்காம்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு இறக்கைகளைக் கவனித்திருப்பீர்கள், அதே உறுப்பு. இங்கே அது இலையைப் போலவே வளர்ந்து, இலையைப் போலவே பிளவுபட்டு, ஐந்து விரல் என்று நம்மை நம்பவைக்கிறது.

இப்போது காம்பைத் தேடுங்கள். காம்பு இருக்காது. சிற்றிலைகள் தண்டிலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கும். காம்பில்லாத தண்டிலை, இலை அளவுக்கு வளர்ந்த செதில்கள், நான்கு இதழ் - மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். தரைமட்டத்தில் காம்புள்ள இலைகள் சில இருக்கலாம். அவை பெரும்பாலும் பூக்கும் காலத்தில் வாடிப்போயிருக்கும். அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள், தண்டிலையைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தண்டு. ஒன்றைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் எழும்பி வரும். சாய்ந்து கிடந்தாலும் கணுக்களில் வேர் விட்டிருக்காது. 'எரெக்டா' என்றால் நிமிர்ந்தது என்று பொருள். சாய்ந்து கிடக்கும் செடிக்கு ஏன் இந்தப் பெயர் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகாத தண்டு என்று எடுத்துக்கொண்டால் பெயரே அடையாளக் குறிப்பாகிவிடும்.

ஏமாற்றக்கூடிய உறவினர்கள்

அதிகம் குழப்புவது பொட்டென்டில்லா ரெப்டன்ஸ். 'ரெப்டன்ஸ்' என்றால் ஊர்வது. ஐந்து இதழ், பூ ஏறக்குறைய நாணயத்தின் அளவு. நீளமான காம்பின் முனையில் உண்மையாகவே ஐந்து சிற்றிலைகள். தண்டைத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர் பிடித்திருப்பதால் இழுபடும். இது அமில மண்ணை நாடாது. சாலையோரம், தோட்டத்து ஓரம், நடைபாதை விளிம்பு இதன் இடம். நான் சாலையோரத்தில் ஏமாந்தது இதனிடம்தான். நின்ற மண்ணைப் பார்த்திருந்தாலே தவறு நடந்திருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பொட்டென்டில்லா ஆங்க்லிகா. ஒரே செடியில் நான்கு இதழ்ப் பூவும் ஐந்து இதழ்ப் பூவும் கலந்திருக்கும். தண்டிலைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காம்பு இருக்கும். கோடைக் கடைசியில் கணுக்களில் வேர் விடும். போதாததற்கு இந்த மூன்றும் தங்களுக்குள் கலந்து கலப்பினங்களையும் உண்டாக்குகின்றன. புதிதாகக் கற்கிறவர்கள் அந்தச் சிக்கலுக்குள் இறங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் 'பொட்டென்டில்லா' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு நடையைத் தொடருங்கள். தெரிந்த அளவுக்கு மட்டும் பெயர் சொல்வதில் குறைவு எதுவும் இல்லை. பதிவுகளைச் சரிபார்க்கும் நிபுணர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

பட்டர்கப் என்னும் மஞ்சள் பூவை ஒதுக்குவது எளிது. அதன் ஐந்து இதழும் நெய் தடவியது போல மின்னும். டார்மெண்டில் இதழில் அந்த மினுமினுப்பு கிடையாது. இலையடிச் செதிலும் பட்டர்கப்புக்கு இல்லை. நான்கு இதழ் என்றதும் நமக்குக் கடுகுப் பூ நினைவுக்கு வரும். கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பூக்கள் கொத்தாக உச்சியில் இருக்கும், கீழே நீளக் காய்கள் இருக்கும். மரநிழலில் மட்டும் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: யெல்லோ பிம்பர்னெல். மஞ்சள்தான், தாழ்ந்துதான் படரும், ஆனால் ஐந்து இதழ். இலைகள் பல்லில்லாமல், எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே தரையில் படர்ந்து, ஐந்து இதழ் மஞ்சள் பூவும் சுவையற்ற சிவப்புப் பழமும் தரும் 'போலி ஸ்ட்ராபெரி' உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவும் பொட்டென்டில்லாதான். தோட்டங்களிலிருந்து தப்பி இங்கிலாந்திலும் அது பரவியிருக்கிறது. பழம் கண்ணில் பட்டால் டார்மெண்டில் அல்ல என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

படம் எடுப்பதும் பதிவு செய்வதும்

மூன்று படம் எடுங்கள். பூ, நேர் மேலிருந்து, நாணயம் பக்கத்தில். தண்டில் இலை சேரும் இடம், மிக அருகில். சற்று எழுந்து நின்று முழுச் செடியும் சுற்றியுள்ள நிலமும். இரண்டாவது படத்தை எடுக்க மறந்துவிடுகிறார்கள், அதுதான் சாட்சி. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு செயலி சொல்லும் பெயரை நம்பிவிட வேண்டாம்.

ஐநேச்சுரலிஸ்ட் அல்லது ஐரெக்கார்ட் செயலியில் தேதியோடும் இடத்தோடும் பதிவு செய்யலாம். பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் சங்கம் நாடு முழுவதும் தாவரங்களின் பரவலை வரைபடமாக்கி வருகிறது. அதன் அண்மைத் தொகுப்பு 2023-இல் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இப்படி நடந்து, குனிந்து, எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து உருவானது அது. சாதாரணப் பூ என்று பதிவு செய்யாமல் விட வேண்டாம். ஒன்று குறைந்துகொண்டே போவது தெரிய வேண்டுமென்றால், நிறைய இருந்த காலத்துக் கணக்கு இருக்க வேண்டும்.

பூவை நம்பி இருப்பவள்

ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ போனால் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருங்கள். ஆண்ட்ரீனா டார்சாட்டா என்ற சிறிய தேனீ வரக்கூடும். கூட்டமாக வாழும் தேனீ அல்ல. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே மண்ணில் வளை தோண்டி, தன் குஞ்சுகளுக்கு மகரந்தம் சேர்த்து வைக்கும். அந்த மகரந்தத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பூவையே நம்பியிருக்கிறது, அதனால் ஆங்கிலத்தில் அதன் பெயரே டார்மெண்டில் மைனிங் பீ, அதாவது டார்மெண்டிலை நாடும், வளை தோண்டும் தேனீ. உடல் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பூவின் மேல் வந்து அமரும்போது பூவே மறைந்துபோகும், காம்பு வளையும். பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் பொடி அப்பியிருக்கும்.

இந்தத் தேனீ பிரிட்டனில் அரிதாகிக்கொண்டு வருகிறது. பூ எங்கும் இருக்கும்போது தேனீ ஏன் குறைகிறது? செடி இருந்தால் மட்டும் போதாது, பூக்க வேண்டும். ஆடுகள் மிகுதியாக மேயும் மலைகளில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் மேய்ச்சல் அதைப் பூக்க விடாது. மேய்ச்சலே இல்லாவிட்டால் புல்லும் புதரும் மூடிவிடும், வளை தோண்ட வெறும் மண் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில், சரியான அளவு மேய்ச்சல் உள்ள நிலம்தான் அதற்கு வேண்டும். வெயில் படும் மணல் சரிவில் சிறு துளைகள் தெரிந்தால் அதன்மேல் மிதிக்காமல் விலகி நடங்கள்.

வேரைப் பற்றி

இச்செடியின் புகழெல்லாம் பழங்காலத்தில் மண்ணுக்குள் இருந்தது. விரல் தடிமனில் முண்டும் முடிச்சுமாக ஒரு வேர்த்தண்டு. மழையில் அரித்துப்போன ஒரு நடைபாதை ஓரத்தில், யாரோ ஒருவரின் பூட்ஸ் பட்டு உரிந்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வெளியே கரும்பழுப்பு, உரிந்த இடம் மட்டும், வெற்றிலைச் சாறு பட்ட துணி போலச் சிவந்திருந்தது. வெட்டினால் காற்றுப்பட்டுச் சிவக்கும். ஜெர்மன் மொழியில் இதை 'ரத்த வேர்' என்கிறார்கள். பவேரியாவில் அந்தப் பெயரிலேயே இதிலிருந்து ஒரு மதுபானம் செய்கிறார்கள்.

சிவப்புக்குப் பின்னால் இருப்பது துவர்ப்பு. தமிழ்நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டை எப்படியோ, மரங்கள் அரிதான ஸ்காட்லாந்துத் தீவுகளில் இந்த வேர் அப்படி. ஓக் மரப்பட்டை கிடைக்காத ஊர்களில் இதைத் தோண்டிக் காய்ச்சித் தோல் பதனிட்டார்கள், மீன்வலையைக் கடல்நீர் அரிக்காமல் ஊறவைத்தார்கள். ஆவாரையும் மஞ்சள்தான். இரு கோடியில், இரு மஞ்சள் பூக்கள், ஒரே வேலை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. மாதுளைத் தோலை நாம் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தது போல அவர்கள் இந்த வேரைக் கொடுத்தார்கள். லத்தீனில் 'டார்மென்டம்' என்றால் வேதனை, வயிற்றுக் கடுப்பு. பெயர் அங்கிருந்து வந்தது. ஐரோப்பிய மருந்துத் தொகுப்பில் இன்றும் இதற்கு இடம் உண்டு.

ஆனால் நீங்கள் தோண்டக் கூடாது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். ஹீத் நிலங்கள் பல பாதுகாக்கப்பட்டவை. அங்கே பூவைப் பறிக்கவும் வேண்டாம். மருந்தாகச் சாப்பிட வேண்டும் என்றால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு, தரம் பார்த்து விற்கப்படுவதை வாங்குங்கள். நாயைக் கூட்டிப் போகிறவர்கள் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க அனுமதியுள்ள திறந்த நிலங்களில் குறுகிய கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் அது.

வீட்டில் வளர்க்க

வீட்டிலும் வேண்டும் என்று தோன்றினால், உள்நாட்டுக் காட்டுச்செடி விற்கும் நாற்றங்காலில் கன்றோ விதையோ வாங்கலாம். ஹெதர் வகைச் செடிகளுக்கென்று விற்கும் அமில மண்கலவையில், பீட் என்ற சதுப்புநில மக்கு சேராததாகப் பார்த்து எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்த்து அகலமான தொட்டியில் நிரப்புங்கள். விதையை இலையுதிர் காலத்தில் மேலாகத் தூவி, தொட்டியை வெளியிலேயே விட்டுவிடுங்கள்; குளிர் பட்டால் நல்லது. உரம் வேண்டாம். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணின் அமிலம் குறைந்துவிடும். கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்து அதையே ஊற்றுங்கள். வெயில் படும் இடத்தில் வையுங்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் புல்லை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.